மல்டி எஃபெக்ட்ஸா, தனித்தனி பெடலா? எலக்ட்ரிக் கிட்டார் வாசிப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கிட்டாரில் கை கொஞ்சம் பழகியதும் கிட்டத்தட்ட எல்லோருக்கும் வரும் சந்தேகம் இது. ஒரே பெட்டியில் நூறு எஃபெக்ட் கிடைக்கிறதே, அதையே வாங்கிவிடலாமா? இல்லை, ஒவ்வொரு பெடலாகச் சேர்ப்பதா? திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளையும் விடைகளையும் கீழே தந்திருக்கிறேன். விடைகளில் என் சாய்வும் தெரியும், அதை மறைக்கவில்லை.

இரண்டுக்கும் அடிப்படையில் என்ன வித்தியாசம்?

தனி பெடல் என்றால் ஒரு வேலைக்கு ஒரு பெட்டி. ஓவர்டிரைவுக்கு (ஒலியை லேசாக உடைப்பது) ஒன்று, கோரஸுக்கு (பலர் சேர்ந்து வாசிப்பது போலாக்குவது) ஒன்று, டிலேவுக்கு (ஒலியைத் தாமதித்துத் திரும்ப ஒலிப்பது) ஒன்று என்று கேபிளால் கோத்துக்கொண்டே போக வேண்டும். மல்டி எஃபெக்ட்ஸில் உள்ளே இருப்பது ஒரு சிறு கணினி. கிட்டாரிலிருந்து வரும் சிக்னலை எண்களாக மாற்றி, கணக்குப் போட்டு, மறுபடியும் சிக்னலாக வெளியே அனுப்புகிறது. எஃபெக்ட் மட்டுமல்லாமல் ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்), ஸ்பீக்கர் பெட்டி (கேப்) ஆகியவற்றின் ஒலியையும் அதுவே போலச் செய்யும்.

தனி பெடல் என்றாலே அனலாக் (எண்களாக மாற்றாமல் சிக்னலையே நேராகக் கையாள்வது) என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. இன்று கிடைக்கும் டிலே, ரிவெர்ப் பெடல்களில் பெரும்பாலானவை டிஜிட்டல்தான். பாஸ் நிறுவனத்தின் டிடி-2 என்ற சின்ன டிஜிட்டல் டிலே பெடல் 1983லேயே வந்துவிட்டது. அதனால் அனலாக்கா டிஜிட்டலா என்ற பழைய சண்டையை இங்கே இழுத்துவந்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

சரி, எதை வைத்து முடிவெடுப்பது?

உங்கள் கிட்டார் கடைசியில் எதன் வழியாக ஒலிக்கப்போகிறது என்பதை வைத்து. எஃபெக்ட்டைப் பற்றி யோசிப்பதற்கு முன்பே இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். பாதிப் பேருக்கு இங்கேயே விடை கிடைத்துவிடும்.

தனி பெடல்கள் எல்லாம் ஒரு நல்ல ஆம்ப் பின்னால் இருக்கிறது என்ற நம்பிக்கையில் செய்யப்பட்டவை. ஐபனீஸ் நிறுவனத்தின் டியூப் ஸ்க்ரீமர் என்ற ஓவர்டிரைவ் பெடலை எடுத்துக்கொள்ளுங்கள். 1979 வாக்கில் டிஎஸ்808 என்ற பெயரில் வந்தது. அதன் புகழுக்குக் காரணம் அது தனியாகத் தரும் டிஸ்டார்ஷன் மட்டும் அல்ல. பேஸைக் கொஞ்சம் வெட்டி, நடு அலைவரிசையைத் தூக்கி, ஏற்கெனவே சற்று உடையத் தொடங்கியிருக்கும் வால்வ் ஆம்பை முன்னே தள்ளிவிடும். அந்த ஆம்ப் இல்லாமல் அதே பெடலை ஆடியோ இன்டர்ஃபேஸில் நேராகச் சொருகிக் கேட்டால் தேனீக் கூட்டம் இரைவது மாதிரி இருக்கும். பெடல் சரியாகத்தான் வேலை செய்கிறது. அதற்குத் துணையாக இருக்க வேண்டிய ஸ்பீக்கர்தான் அங்கே இல்லை.

கிட்டார் ஆம்பின் ஸ்பீக்கர் ஏறக்குறைய 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே ஒலியை வேகமாகக் குறைத்துவிடும். டிஸ்டார்ஷனில் பிறக்கும் கூர்மையான இரைச்சலை அதுதான் வடிகட்டுகிறது. ஆம்ப் இல்லாமல் ஹெட்ஃபோனிலோ கணினியிலோ மேடையின் மிக்ஸரிலோ நேராக வாசிக்கப்போகிறீர்கள் என்றால் அந்த வடிகட்டியையும் யாராவது தர வேண்டும். மல்டி எஃபெக்ட்ஸ் தருகிறது.

ஆக, என் கணக்கு எளிது. பிடித்த ஆம்ப் ஒன்று கைவசம் இருக்கிறது, அதை வைத்துத்தான் பெரும்பாலும் வாசிக்கிறீர்கள் என்றால் தனி பெடல் பக்கம் போங்கள். ஆம்பே இல்லை, அல்லது சத்தமாக வைக்க முடியாத இடத்தில் இருக்கிறீர்கள் என்றால் மல்டி எஃபெக்ட்ஸ்.

இப்போதுதான் கற்றுக்கொள்கிறேன். எனக்கு எது?

மல்டி எஃபெக்ட்ஸ். அதுவும் வரிசையில் சின்னதாக இருப்பது போதும். ஃபேஸர், ஃப்ளாஞ்சர், கோரஸ் மூன்றுக்கும் என்ன வித்தியாசம் என்பதைப் படித்துத் தெரிந்துகொள்வதைவிட ஒரே மாலையில் மூன்றையும் போட்டுக் கேட்டுவிடலாம். டியூனர், மெட்ரோனோம் அல்லது டிரம் தாளம், ஹெட்ஃபோன் துளை எல்லாம் பல மாடல்களில் கூடவே வரும். யூஎஸ்பி வழியாகக் கணினியில் பதிவு செய்யும் வசதியும் இப்போது சாதாரணம். தினமும் எடுத்து வாசிக்க வைப்பது இந்த வசதிகள்தான்.

ஒரு எச்சரிக்கை. தொழிற்சாலையில் போட்டுத் தரும் ப்ரீசெட்டுகளை (சேமித்து வைத்த ஒலி அமைப்புகளை) ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பதிலேயே பொழுது போய்விடும். ஒரு சுத்தமான ஒலி, ஒரு லேசான டிரைவ், ஒரு கனமான டிஸ்டார்ஷன். இந்த மூன்றையும் வெற்று ப்ரீசெட்டிலிருந்து நீங்களே கட்டிப் பாருங்கள். எந்தக் குமிழ் என்ன செய்கிறது என்பது அப்போதுதான் காதுக்குள் போகும்.

மல்டி எஃபெக்ட்ஸில் டோன் மட்டம் என்கிறார்களே, உண்மையா?

ஒரு காலத்தில் உண்மை. பாஸின் எம்இ-5 என்ற மல்டி எஃபெக்ட்ஸ் 1988இல் வந்தது. 90களின் நடுவில் ஸூம் 505 மாதிரியான சின்னப் பெட்டிகள் வந்தன. அவற்றின் டிஸ்டார்ஷன் தட்டையாக, பிளாஸ்டிக் தன்மையோடு இருக்கும். அப்போது வாங்கிக் கைசுட்டவர்கள் சொன்ன பேச்சுதான் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. 1998இல் லைன் 6 நிறுவனத்தின் பாட் என்ற பெட்டி வந்த பிறகு ஆம்பையே கணக்கில் வடிப்பது வீட்டுக்கு வீடு பரவியது. ஃப்ராக்டல், கெம்பர் நிறுவனங்கள் அதை இன்னும் மேலே கொண்டுபோயின. இன்று பல பெரிய மேடைகளில் ஆம்பே இருப்பதில்லை, நேராக மிக்ஸருக்குப் போகிறார்கள். அரங்கில் உட்கார்ந்து கேட்பவர்களுக்கு வித்தியாசம் தெரிவதில்லை.

ஆனால் வாசிப்பவரின் விரலுக்குத் தெரியும் இடங்கள் சில இன்னும் இருக்கின்றன. முக்கியமான இடம் ஃபஸ், அதாவது முரட்டுத்தனமாக உடைந்த ஒலி. 1966இல் வந்த ஃபஸ் ஃபேஸ் மாதிரியான ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர் பெடல்களின் உள்நுழைவு மின்மறுப்பு (இம்பீடன்ஸ்) மிகக் குறைவு. கிட்டாரின் பிக்கப்பும் வால்யூம் குமிழும் அந்தச் சுற்றின் ஒரு பகுதியாகவே ஆகிவிடுகின்றன. அதனால்தான் கிட்டாரில் வால்யூமைச் சற்றுக் குறைத்தாலே முரட்டு ஒலி கண்ணாடி மாதிரித் தெளிந்துவிடுகிறது. மல்டி எஃபெக்ட்ஸ் பெரும்பாலும் 1 மெகாஓம் உள்நுழைவோடு நிற்பதால் இந்த உறவு அங்கே உருவாவதில்லை. லைன் 6இன் ஹெச்எக்ஸ் ஸ்டாம்ப் போன்ற சில மல்டிகளில் உள்நுழைவு மின்மறுப்பை மாற்றும் வசதி இருக்கிறது, அது ஓரளவு கைகொடுக்கும். ஆனாலும் ஃபஸ் பிரியர்களிடம் நான் வாதாடுவதில்லை. அவர்கள் சொல்வது சரி.

டிலே, ரிவெர்ப், கோரஸ் விஷயத்தில் இந்தக் கவலை வேண்டாம். நல்ல மல்டி எஃபெக்ட்ஸில் இருக்கும் டிலேவும் விலை உயர்ந்த தனி டிலே பெடலும் உள்ளே ஏறக்குறைய ஒரே வேலையைத்தான் செய்கின்றன.

வீட்டில் ஹெட்ஃபோனில் அருமையாக இருந்த ப்ரீசெட், மேடையில் காதைக் குத்துகிறது. ஏன்?

மல்டி எஃபெக்ட்ஸ் வாங்கியவர்களில் பாதிப் பேர் அதை விற்பதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். விற்க வேண்டியதே இல்லை.

முதல் காரணம் நம் காது. சத்தம் குறைவாக இருக்கும்போது பேஸும் மிகக் கூர்மையான ஒலியும் காதுக்குச் சரியாக எட்டாது. அதனால் நாம் அறியாமலே இரண்டையும் ஏற்றி வைக்கிறோம். மேடையில் சத்தம் பல மடங்கு கூடியதும் ஏற்றி வைத்தது எல்லாம் முகத்தில் அடிக்கிறது. மேடைக்கான ப்ரீசெட்டை மேடைச் சத்தத்தில்தான் அமைக்க வேண்டும். ஒத்திகை அறையில் அரை மணி நேரம் இதற்கென ஒதுக்குங்கள். கேப் பிளாக்கில் (மல்டியில் ஸ்பீக்கர் பெட்டியைப் போலச் செய்யும் பகுதி) ஹை கட் என்று இருக்கும். அதை 5 முதல் 7 கிலோஹெர்ட்ஸ் வரைக்குள் எங்காவது வைத்துப் பாருங்கள். லோ கட் 80 முதல் 100 ஹெர்ட்ஸ். கெய்னை (ஒலி உடையும் அளவை) பாதியாகக் குறையுங்கள், ரிவெர்பையும்தான். தனியாக வாசிக்கும்போது கொஞ்சம் வறட்சியாகத் தோன்றும் ஒலிதான் டிரம்ஸும் பேஸும் சேரும்போது மேலே நிற்கும்.

இரண்டாவது காரணம் இணைக்கும் இடம். கேப் சிமுலேஷன் ஓடிக்கொண்டிருக்கும்போதே மல்டி எஃபெக்ட்ஸை ஒரு கிட்டார் ஆம்பின் முன் துளையில் சொருகினால் ஒலி இரண்டு ப்ரீஆம்ப் (ஆம்பில் ஒலியின் தன்மையை அமைக்கும் முதல் பகுதி), இரண்டு ஸ்பீக்கர் வழியாக வருவதாக ஆகிவிடும். குழைந்துபோய், போர்வைக்குள்ளிருந்து வருவது போலிருக்கும். ஆம்பில் சொருகினால் ஆம்ப், கேப் இரண்டு பிளாக்கையும் அணைத்துவிட்டு எஃபெக்ட்டை மட்டும் பயன்படுத்துங்கள். அல்லது ஆம்பின் எஃபெக்ட்ஸ் ரிட்டர்ன் துளையில் (ப்ரீஆம்பைத் தாண்டி உள்ளே போகும் துளை) நேராகச் சொருகி, கேப் பிளாக்கை மட்டும் அணையுங்கள்.

நான்கு கேபிள் முறை என்றால் என்ன?

மல்டி எஃபெக்ட்ஸையும் ஆம்பின் சொந்த ப்ரீஆம்பையும் சேர்த்துப் பயன்படுத்தும் வழி. கிட்டாரிலிருந்து மல்டியின் இன்புட். மல்டியின் சென்டிலிருந்து ஆம்பின் முன் துளை. ஆம்பின் எஃபெக்ட்ஸ் சென்டிலிருந்து மல்டியின் ரிட்டர்ன். மல்டியின் அவுட்புட்டிலிருந்து ஆம்பின் எஃபெக்ட்ஸ் ரிட்டர்ன். இப்படி வைத்தால் வா (wah), ஓவர்டிரைவ் எல்லாம் ஆம்புக்கு முன்னாலும், டிலே, ரிவெர்ப் எல்லாம் ஆம்பின் டிஸ்டார்ஷனுக்குப் பின்னாலும் நிற்கும். ஆம்பில் எஃபெக்ட்ஸ் லூப் (மேலே சொன்ன சென்ட், ரிட்டர்ன் துளைகள்) இருக்க வேண்டும், மல்டியில் சென்ட், ரிட்டர்ன் இருக்க வேண்டும். மிகச் சின்ன மல்டிகளில் இது இருக்காது, வாங்கும் முன் பின்பக்கத்தைப் பாருங்கள். ஹம் இரைச்சல் வந்தால் அது பெரும்பாலும் எர்த் லூப் (இரு சாதனங்கள் ஒன்றுக்கு மேற்பட்ட வழியில் எர்த் ஆவது).

ஒவ்வொன்றாக வாங்கினால் செலவைப் பரப்பிக்கொள்ளலாம் அல்லவா?

பரப்பலாம், குறைக்க முடியாது. பெடல்களின் விலையை மட்டும் கூட்டிப் பார்ப்பவர்கள் மூன்று விஷயத்தை மறந்துவிடுகிறார்கள். பலகை, பெடல்களுக்கு இடையிலான பேட்ச் கேபிள்கள், பவர் சப்ளை. இந்த மூன்றும் சேர்ந்து ஒரு நல்ல பெடலின் விலையைத் தாண்டிவிடும். ஐந்து பெடல் உள்ள பலகையின் மொத்தச் செலவில் நடுத்தர மல்டி எஃபெக்ட்ஸ் ஒன்று தாராளமாக வரும்.

திரும்ப விற்கும்போது கணக்கு மாறும். பாஸின் டிஎஸ்-1 டிஸ்டார்ஷன் 1978இல் வந்தது, இன்றும் விற்கிறது. அப்படிப்பட்ட பெடலின் விலை சீக்கிரம் விழாது. மல்டி எஃபெக்ட்ஸ் அப்படி அல்ல. அடுத்த மாடல் வேகமான சில்லோடு வந்ததும் பழையதன் மதிப்பு சரசரவென்று இறங்கும். பழைய மல்டியை மலிவாக வாங்குபவருக்கு அதே காரணத்தால் லாபம்.

பவர் சப்ளைக்கு இவ்வளவு முக்கியத்துவம் தேவையா?

தேவை. பலகையில் வரும் இரைச்சலுக்குப் பெடலைத் திட்டுகிறோம், குற்றவாளி பல நேரம் பவர்தான்.

பெரும்பாலான பெடல்களுக்கு 9 வோல்ட் டிசி, நடுமுனை நெகட்டிவ். ஒரே அடாப்டரிலிருந்து வால் வாலாகப் பிரியும் டெய்ஸி செயின் மலிவு. இரண்டு மூன்று அனலாக் பெடலுக்கு அது போதும். அதில் ஒரு டிஜிட்டல் டிலேவைச் சேர்த்தால் அதன் உள்கடிகாரத்தின் சத்தம் பொதுவான இணைப்பு வழியாக ஓவர்டிரைவுக்குள் நுழைந்து கீச்சென்று கேட்கத் தொடங்கலாம். கெய்ன் கூடக்கூட அதுவும் கூடும். ஒவ்வொரு துளையும் தனித்தனியாகப் பிரிக்கப்பட்ட ஐசொலேட்டட் சப்ளைதான் இதற்கு மருந்து.

மின்னோட்டத்தையும் பாருங்கள். டியூப் ஸ்க்ரீமர் 10 மில்லிஆம்பைக்கூட எட்டாது. ஸ்ட்ரைமன் டைம்லைன் மாதிரியான பெரிய டிலேவுக்கு 300 மில்லிஆம்ப் வேண்டும். ஹெச்எக்ஸ் ஸ்டாம்ப்போடு வரும் அடாப்டர் 3000 மில்லிஆம்ப், ஸ்டாம்பைச் சாதாரண பெடல் சப்ளையின் 100 மில்லிஆம்ப் துளையில் சொருகினால் எழுந்தே நிற்காது. சப்ளை கொடுக்கக்கூடிய மில்லிஆம்ப் கூடுதலாக இருந்தால் பாதகமில்லை, பெடல் தனக்கு வேண்டியதை மட்டும்தான் எடுக்கும். வோல்டேஜ் கூடினால்தான் புகை வரும். பழைய ஜெர்மேனியம் ஃபஸ்களில் சில பாசிட்டிவ் எர்த் உள்ளவை, அதாவது மின்முனைகள் தலைகீழாக இருப்பவை. அவற்றை மற்ற பெடல்களோடு டெய்ஸி செயினில் சேர்க்கவே கூடாது.

பெடல்களை எந்த வரிசையில் அடுக்குவது?

டியூனர், ஃபஸ், வா, கம்ப்ரெஸர், ஓவர்டிரைவ், டிஸ்டார்ஷன், பிறகு கோரஸ், ஃபேஸர், கடைசியில் டிலே, ரிவெர்ப். இது தொடங்குவதற்கான வரிசை மட்டுமே, சட்டம் அல்ல. ரிவெர்பை டிஸ்டார்ஷனுக்கு முன்னால் போட்டு அதையே தங்கள் அடையாளமாக ஆக்கிக்கொண்டவர்கள் உண்டு. மல்டியில் இந்த மாதிரி விளையாட்டுக்கு விரலால் ஒரு பிளாக்கை நகர்த்தினால் போதும். பலகையில் என்றால் வெல்க்ரோவைப் பிய்த்து, கேபிளை மாற்றி, அது நீளம் போதாமல்... அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

ட்ரூ பைபாஸ்தான் நல்லதா?

எப்போதும் அல்ல. ட்ரூ பைபாஸ் என்றால் அணைத்த பெடலின் சுற்றைத் தொடாமல் சிக்னல் நேராகக் கடந்துபோவது. கிட்டார் பிக்கப்பிலிருந்து வரும் சிக்னல் பலவீனமானது. கேபிள் நீளம் கூடக்கூட அதன் கெப்பாசிட்டன்ஸ் கூர்மையைத் தின்னும். மீட்டருக்குச் சுமார் 100 பிக்கோஃபாரட் என்று வையுங்கள். எல்லாம் ட்ரூ பைபாஸாக ஏழெட்டுப் பெடல் இருந்து, இருபுறமும் நீளமான கேபிளும் இருந்தால், எல்லாவற்றையும் அணைத்த நிலையில் ஒலி மங்கித்தான் வரும். நடுவில் ஒரே ஒரு நல்ல பஃபர் (சிக்னலுக்கு வலுவூட்டும் சிறு சுற்று) இருந்தால் இந்தப் பிரச்சினை தீர்ந்தது. பாஸின் வழக்கமான பெடல்களில் அது ஏற்கெனவே இருக்கிறது. பழைய பாணி ஃபஸ்ஸை மட்டும் பஃபருக்கு முன்னால் வையுங்கள்.

மேடையில் எது வசதி?

பாடலுக்குப் பாடல் ஒலி மாறுமா, ஒரே பாடலுக்குள்ளேயே பலமுறை மாறுமா என்பதைப் பொறுத்தது. மற்றவர்களின் பாடல்களை வரிசையாக வாசிக்கும் குழு என்றால் மல்டிக்கு நிகர் இல்லை. சுத்தமான வரியிலிருந்து சோலோவுக்குப் போகும் அந்தக் கணத்தில் டிரைவைப் போட்டு, கோரஸை அணைத்து, டிலேவை நீட்டிக்க மூன்று பெடலை மிதிக்க வேண்டும். மல்டியில் ஒரே மிதி. ஆனால் ப்ரீசெட்டிலிருந்து ப்ரீசெட்டுக்குத் தாவும்போது சில பெட்டிகளில் ஒலி ஒரு நொடிக்கும் குறைவாக அறுபடும், டிலேவின் வாலும் வெட்டுப்படும். ஸ்நாப்ஷாட் அல்லது சீன் வசதி உள்ளதில் ஒரே ப்ரீசெட்டுக்குள் நிலைகளை மட்டும் மாற்றுவதால் இந்த அறுபடல் இல்லை. கடையில் சோதிக்கும்போது நீண்ட டிலேவைப் போட்டு, ஒலித்துக்கொண்டிருக்கும்போதே மாற்றிப் பாருங்கள்.

அதே சமயம், அறையின் எதிரொலி எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாக இருக்கிறது, சட்டென்று டிரைவைக் குறைக்க வேண்டும் என்றால் தனி பெடல்தான் ராஜா. குனிந்து ஒரு குமிழ், முடிந்தது. மெனுவுக்குள் மூன்றாம் பக்கத்தைத் தேடும் வேலை இல்லை. சொந்தப் பாடல்களை நான்கைந்து ஒலியோடு வாசிப்பவர்கள் பெடல் பலகையை விடாமல் பிடித்திருப்பதற்கு இந்த நேரடித்தன்மையே காரணம்.

டிஜிட்டல் என்றால் தாமதம் இருக்குமே?

இருக்கும், சில மில்லிநொடிகள். ஒலி காற்றில் 1 மில்லிநொடியில் சுமார் 34 செ.மீ. போகிறது. ஆம்பிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி நின்றாலே மூன்று மில்லிநொடி ஆகிவிடுகிறது. வயர்லெஸ், டிஜிட்டல் மிக்ஸர், காதுக்குள் மானிட்டர் என்று ஒவ்வொன்றும் தன் பங்கைச் சேர்க்கும்போதுதான் யோசிக்க வேண்டும்.

200 எஃபெக்ட், 300 எஃபெக்ட் என்கிறார்கள். எண்ணிக்கையைப் பார்த்து வாங்கலாமா?

வேண்டாம். ஒரே நேரத்தில் எத்தனை பிளாக் ஓடும் என்று கேளுங்கள். ஹெச்எக்ஸ் ஸ்டாம்ப் 2018இல் வந்தபோது ஆறு பிளாக், பின்னால் வந்த இலவச மென்பொருள் புதுப்பிப்பில் எட்டு ஆனது. கனமான ரிவெர்ப் ஒன்றே சில்லின் சக்தியில் பெரும்பகுதியைச் சாப்பிடுவதும் உண்டு. அப்புறம், காலால் மிதிக்க எத்தனை ஸ்விட்ச், எக்ஸ்பிரஷன் பெடல் (காலால் சாய்த்து அளவை மாற்றுவது) கூடவே இருக்கிறதா, சொந்த ஐஆர் கோப்புகளை (ஸ்பீக்கர் பெட்டியின் ஒலித்தன்மையைப் பதிந்த கோப்புகள்) ஏற்றலாமா. இவைதான் தினசரி உபயோகத்தில் உறுத்தும் விஷயங்கள்.

இரண்டையும் கலந்து வைத்துக்கொள்ளலாமா?

தாராளமாக. என் சாய்வும் இதன் பக்கம்தான். பிடித்த ஓவர்டிரைவ் அல்லது ஃபஸ் ஒன்று முன்னால், சின்ன மல்டி ஒன்று பின்னால். விரலோடு பேச வேண்டிய கெய்ன் விஷயத்தை அசல் பெடல் பார்த்துக்கொள்ளும். டிலே, ரிவெர்ப், மாடுலேஷன், டியூனர், வேண்டுமானால் கேப் எல்லாவற்றையும் மல்டி பார்த்துக்கொள்ளும். ஆம்ப் வராத நாளில் இதே பலகை மிக்ஸருக்கு நேராகப் போகும். முதலில் மல்டி வாங்கியவர்கள் இங்கே வந்து சேர ஒரு பெடல் சேர்த்தால் போதும்.

கணினி ப்ளக்-இன் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு?

வீட்டுக்குள் பதிவு மட்டும்தான் என்றால் ஒன்றும் வேண்டாம், ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ் போதும். நியூரல் ஆம்ப் மாடலர் என்ற திறந்த மூல மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது, நன்றாகவும் இருக்கிறது.

பழையதாக வாங்கும்போது எதைப் பார்ப்பது?

தனி பெடலில் குமிழ்களைத் திருப்பிப் பாருங்கள். கரகரத்தால் காண்டாக்ட் கிளீனரில் பெரும்பாலும் சரியாகிவிடும். ஸ்விட்சைப் பலமுறை மிதியுங்கள். துளையில் கேபிளை லேசாக ஆட்டிப் பாருங்கள். பழுதானாலும் அனலாக் பெடலை சாலிடரிங் தெரிந்த யாரும் திறந்து பார்த்துவிடலாம்.

மல்டியில் ஒவ்வொரு கால் ஸ்விட்சையும், எக்ஸ்பிரஷன் பெடலையும், திரையையும் தனித்தனியாகச் சோதியுங்கள். ஃபேக்டரி ரீசெட் போட்டு மறுபடி எழுகிறதா பாருங்கள். அதை இயக்கும் கணினி மென்பொருள் இன்றைய இயங்குதளத்தில் ஓடுகிறதா என்பதை முன்கூட்டியே நிறுவனத்தின் தளத்தில் பார்த்துவிடுங்கள், சில பழைய மாடல்களுக்கு அது நின்றுபோயிருக்கும். அசல் அடாப்டர் இல்லாமல் எதையும் வாங்காதீர்கள். 1999இல் வந்த லைன் 6 டிஎல்4 டிலே 9 வோல்ட் ஏசியில் ஓடுவது. கையில் இருக்கும் 9 வோல்ட் டிசி அடாப்டரின் முனை அதில் பொருந்துகிறதே என்று சொருகிப் பார்க்காதீர்கள், பெட்டியின் பின்னால் எழுதியிருப்பதை முதலில் படியுங்கள்.